பசியாறச் சொன்ன குரல்

அன்று காலை செமோர் ஊரில் யுகேந்திரன் வீட்டு முன்கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் யுகேந்திரன். அவனுக்கு வலப்பக்கம், காற்றாடிக்கு நேர் கீழே, ஈப்போவில் தமிழாசிரியையாக இருக்கும் அவன் தங்கை ஷர்மினி. சோபாவின் ஓரத்தில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், பக்கத்து வீட்டுப் புஷ்பலதா. வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், ஹுத்தான் மெலிந்தாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம். யுகேந்திரனின் மனைவி குமுதா மட்டும் உட்காரவில்லை. தேநீரை வைத்துவிட்டு, கழுத்துத் தழும்பைத் துப்பட்டாவால் மூடியபடி, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

எல்லாருமே சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கைப்பேசியில் பிள்ளைகள் தட்டும் இடமெல்லாம் விளம்பரமாக வருகிறதே என்ற கவலையில், நம் பிள்ளைகளுக்கு நாமே ஒரு செயலி செய்துவிடலாம் என்று சேர்ந்தவர்கள். யுகேந்திரன் நிரல் எழுதினான். புஷ்பலதா படம் வரைந்தாள். ஹலீம் தன் ஊர்ப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். குமுதா குரல் கொடுத்தாள். சாப்பாட்டு நேரம் வந்தால் விளையாட்டு தானாக நின்று, திரையில் ஒரு தட்டு வரும். "பசியாறிட்டியாய்யா? வா, வந்து பசியாறு" என்று குமுதா கூப்பிடுவாள். பிள்ளைகள் எழுந்து போனார்கள். அந்த ஒரு சங்கதிக்காகவே தாய்மார்கள் செயலியைக் கொண்டாடினார்கள்.

ஷர்மினிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. 'பசியாற' என்பது தோட்டத்துப் பேச்சாம். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த அண்ணியின் வாயில் அது இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டாள். குமுதா தொண்டை அறுவைச் சிகிச்சைக்காக ஈப்போவில் படுத்திருந்தபோது, "காலை உணவு உண்டாயா?" என்று தொடங்கி எல்லா வரிகளையும் ஷர்மினி தன் குரலிலேயே பதிந்து கொடுத்தாள். இரண்டும் கலந்துவிடக் கூடாதே என்று யுகேந்திரன் பழையதை அழித்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை என்று ஊரெல்லாம் குறை. அதைச் சொல்லத்தான் ஹலீம் வந்திருந்தார். குமுதாவையே மறுபடி பேசவைப்பது என்று மேசையைச் சுற்றி முடிவாயிற்று. குமுதா தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

யுகேந்திரனின் முகம் சிவந்தது. "பேசாம நின்னா என்னா அர்த்தம்? என் தங்கச்சி கொரல போட்டதுல இன்னும் கோவம் ஆறலயா?"

"நான் கெட்ட எண்ணத்துல செய்யல அண்ணி," என்றாள் ஷர்மினி. "நீங்க இப்படி வீம்பு பண்ணுனா புள்ளைங்கதான்லா பாவம்."

குமுதா வாயைத் திறந்தாள். "முடி...யாது..." தகரத்தில் மணல் உரசியது போல் ஒரு சத்தம் வந்தது. டாக்டர் நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்றுதானே சொன்னார், முயற்சியே செய்யாவிட்டால் எப்படி என்று யுகேந்திரன் தொடங்கினான்.

புஷ்பலதா கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"சரியாவாது அண்ணே. போன வாரம் நான்தான் கூட்டிட்டுப் போனேன். நரம்பு போயிடுச்சி, இனிமே இதுதான் கொரலுன்னு சொல்லிட்டாங்க..." அவள் குமுதாவைப் பார்த்தாள். "நீ மொறைக்காத. எவ்ளோ நாளைக்கு மூடி வெக்கிறது? ஆப்பரேசன மொதல்லயே செய்யச் சொன்னாங்க அண்ணே. கொரல் மாறலாம்னும் அப்பவே சொன்னாங்க. இவதான் தள்ளிப் போட்டா. 'பொண்ணு தினேஸ்வரிக்கு என் கொரல் இருக்கணும்க்கா, எல்லாத்தையும் பேசிப் பதிஞ்சி முடிச்சிட்டு வாரேன்'னா. அதுக்குள்ள கட்டி பெருசாகிப் போச்சி. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனா."

யுகேந்திரன் கணினிப் பக்கம் திரும்பினான். குப்பைத் தொட்டியில் தேடினான், பிரதிகள் வைக்கும் இடத்தில் தேடினான். எந்த வேலையையும் அரைகுறையாக விடாதவன் அவன். அங்கேயும் துடைத்துத்தான் வைத்திருந்தான்.

"பிரதியயும் நான்தான் அழிச்சேன்..." என்றான். கை விசைகளின் மேலேயே கிடந்தது.

ஷர்மினி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் பக்கமிருந்து ஹலீம் மெல்லத் தொண்டையைச் செருமினார். சொல்லலாமா என்று தெரியவில்லை, தன் மனைவி ஆமினாவின் போனில் பழசு இன்னும் கிடக்கிறது என்றார். தன் போனில் வரும் புதுக் குரலுக்கு மகன் அய்மன் சோற்றுப் பக்கமே வருவதில்லையாம். "நெட்ட தொறந்தா புதுசு ஏறிடும்னு மூடியே வெச்சிருக்கா. வாட்சாப்புல நான் கூப்பிட்டாக்கூட அந்தப் போனுல கெடைக்க மாட்டா. எங்க வூட்லயும் பசியாறன்னுதான் சொல்லுவோம்லா டீச்சர். அதுல என்னா கொறைஞ்சி போச்சி?"



அப்போதே ஹலீமோடு கிளம்பிய யுகேந்திரன் பொழுது சாய்கையில் திரும்பினான். ஆமினாவிடம் இருந்தது முதன்முதலாகச் சோதனைக்குக் கொடுத்தது. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. குளிக்கக் கூப்பிட்டது, தூங்கவைத்தது, சமர்த்து என்று கொஞ்சியது எல்லாம் போனது போனதுதான். அந்த ஒரு வரியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு வந்து, மேசையில் வைத்து ஒலிக்கவிட்டான்.

"பசியாறிட்டியாய்யா? வா, வந்து பசியாறு."

வெளியே விளையாடிக்கொண்டிருந்த தினேஸ்வரி ஓடி வந்தாள். ஓடி வந்தவள் மேசைக்குத்தான் போனாள். பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துச் சிரித்தாள்.

குமுதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். யுகேந்திரன் எழுந்து வந்து அவள் தோளில் முகம் புதைத்து அழுதான். கேட்டிருக்கணும், ஒரு வார்த்தை ஒங்கிட்ட கேட்டிருக்கணும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பரவாயில்லை என்று சொல்ல மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஷர்மினி வந்தாள். நேரே அடுப்படிக்குப் போய் "அண்ணி..." என்றவள், மேலே பேச வராமல் கட்டிக்கொண்டாள். அழுது முடித்த பிறகு, பழைய வரியைச் செயலியில் போட்டுவிடலாம் அண்ணி, என் குரல் எல்லாத்தையும் எடுத்துவிடலாம் என்று கெஞ்சினாள். குமுதா மறுத்தாள். அந்த வரி வீட்டில் இருக்கட்டும். செயலியில் குரல் இருந்த இடமெல்லாம் காலியாகவே இருக்கட்டும், அந்தந்த வீட்டுத் தாயும் தகப்பனும் அவரவர் வாயாலே பேசிப் பதிந்துகொள்ளட்டும் என்று தேய்ந்த குரலில் துண்டு துண்டாகச் சொன்னாள். யுகேந்திரன் தட்டிப் பேசாமல் உட்கார்ந்து அப்படியே மாற்றி எழுதினான்.

எல்லாருக்கும் வாட்ஸ்அப் புலனத்தில் செய்தி போயிற்று. ஆமினாவின் போனில்தான் நெட் மூடிக் கிடந்ததே. ஹலீமிடம் சொல்லி அனுப்பலாம். ஆனால் இது கடைக் கல்லாவில் வைத்து ஆண்பிள்ளை படித்துச் சொல்லும் சங்கதியாகக் குமுதாவுக்குப் படவில்லை. தாள் எடுத்து, தேதியிட்டு, ஓரம் விட்டு எழுதினாள்.

"அன்புத் தங்கை ஆமினாவுக்கு, குமுதா அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் குரலை நீ அத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்... இனி நீ நெட்டைத் திறந்துகொள்ளலாம். புதிதாக வருவதில் என் குரலும் இருக்காது, ஷர்மினியின் குரலும் இருக்காது. தட்டுப் படத்துக்குக் கீழே சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு நீயே அய்மனைக் கூப்பிடு. முதல் நாள் அவன் வராமல் போகலாம். மனம் விடாதே, மறுபடி கூப்பிடு. உனக்குத்தான் கூப்பிட முடிகிறதே தங்கச்சி."

ஒருமுறை படித்துப் பார்த்தாள். எதையும் அடிக்கவில்லை. தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள். முகவரி எழுதி, தினேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலகம் வரை நடந்தாள். தபால்தலை வாங்கி ஒட்டி, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.