வினோலியா அத்தையின் படகு

வினோலியா அத்தையை ஊருக்குக் கூட்டிப்போக அவளுடைய படகே வந்திருந்தது. ஓட்டுவதற்குத்தான் அவள் இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மரப்பெட்டி படகின் நடுவில் இருந்தது. அதன்மேல் ஊர்த் துக்க வழக்கப்படி சிவப்பும் கறுப்புமாக ஒரு துணி போர்த்தியிருந்தார்கள். துணி காற்றில் பறந்துவிடாமல் டெலாலி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் அழுதார்கள். டெலாலிக்கு மட்டும் அழுகை வரவில்லை. 

வோல்டா ஏரி முழுக்கப் பாலைவனத்திலிருந்து வந்த புழுதிக்காற்று. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள், இலையும் பட்டையும் இல்லாமல் ஆங்காங்கே தண்ணீருக்கு மேல் நின்றன.

படகின் பின்பக்கம் மோட்டாரின் பிடியைப் பிடித்தபடி அப்பா செலாசி இருந்தார். அவர் வள்ளிக்கிழங்கு பயிரிடுகிறவர். கிழங்கு மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோவது அவருடைய அக்கா வினோலியாவின் வேலை. அப்பா மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டே போவார், தூங்கிக்கொண்டே வருவார். விடுமுறை நாளென்றால் டெலாலியும் போவாள். ஆனால் தூங்கமாட்டாள்.

பாதி ஏரி வந்ததும் மோட்டாரின் சத்தம் இறங்கியது. இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

அப்பா மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது, கொஞ்ச தூரம் போனது, மறுபடியும் நின்றது. இந்தத் தடவை எத்தனை முறை இழுத்தும் கிளம்பவில்லை. அப்பாவின் உள்ளங்கை சிவந்துபோனது.

"பெட்ரோல் தீர்ந்திருக்கும்" என்றார் கோகு மாமா. சர்ச் பாட்டுக்குழுவின் தலைவர் அவர். அடக்கத்தில் பாடுவதற்காகக் கூட வந்திருந்தார்.

அப்பா டாங்கைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். உள்ளே தளும்பியது. "பாதிக்கு மேல இருக்கு மாமா."

"அப்ப ப்ளக்குதான். நான் முதல்லயே நினைச்சேன்."

"முதல்ல நீங்க நினைச்சது பெட்ரோலு" என்றாள் ஜூலியானா அக்கா. அவளும் பாட்டுக்குழுதான். "உங்க வாயில அந்த மோட்டார் விசிறியை மாட்டியிருந்தா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்போம்."

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. காற்று படகைக் கொஞ்சம் கொஞ்சமாக மொட்டை மரங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஜூலியானா அக்கா துடுப்பை எடுத்து ஒரு மரத்தில் ஊன்றித் தள்ளினாள். படகு விலகியது. காற்று திரும்பவும் அதைக் கொண்டுவந்தது.

"பெட்டி கனம், ஆளுங்க கனம். அடிப்பலகையில ஒரு முனை குத்துச்சுன்னா அவ்வளவுதான்" என்றாள் அவள். "சீக்கிரம் பாரு, செலாசி."

அப்பா மோட்டாருக்குத் தீப்பொறி கொடுக்கும் ப்ளக்கைக் கழற்றி கோகு மாமாவிடம் கொடுத்தார். மாமா அதைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காஞ்சு சுத்தமா இருக்கு. இதுல ஒரு குறையும் இல்ல. அப்படின்னா மோட்டார்தான் செத்துப்போச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. படகில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெட்டியின் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அப்பா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"கடைசியா ஒரு தடவை. அதைக்கூட என்னால ஒழுங்கா செய்ய முடியல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

டெலாலியின் மனதில் 'காஞ்சு' என்ற சொல் மட்டும் நின்றது.

இவ்வளவு நேரம் கயிற்றை இழுத்திருக்கிறார்கள். ப்ளக் ஈரமாக அல்லவா இருக்க வேண்டும்? அத்தை கழற்றும்போதெல்லாம் அதில் பெட்ரோல் வாடை அடிக்கும். பாவாடையில் துடைத்துத்தான் மாட்டுவாள். காய்ந்திருக்கிறது என்றால், அங்கே பெட்ரோல் வந்து சேரவே இல்லை. டாங்கில் இருக்கிறது, மோட்டாருக்கு வரவில்லை. அப்படியென்றால் நடுவில்தான் எங்கோ நிற்கிறது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று துணியின் ஓரத்தை ஜூலியானா அக்காவிடம் கொடுத்தாள். பெட்டியை ஒட்டித் தவழ்ந்து பின்னால் போனாள்.

டாங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயைத் தடவிக்கொண்டே வந்தாள். எங்கும் மடங்கவில்லை, கிழியவில்லை. குழாயின் நடுவில் எலுமிச்சம்பழம் போல ஒரு ரப்பர் குமிழ் உண்டு. அதை அமுக்கித்தான் பெட்ரோலை ஏற்றுவார்கள். அந்தக் குமிழ் இப்போது சப்பிப் போட்ட தோலைப் போல ஒட்டிக் கிடந்தது.

தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைக் கடித்து உறிஞ்சினால் அதுவும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் உறிஞ்சியிருக்கிறது. வரவேண்டியது வரவில்லை. ஏன் வரவில்லை?

பாக்கெட் என்றால் சுருங்கிக் கொடுக்கும். டாங்க் எப்படிச் சுருங்கும்? அதற்குள் காற்றுப் போனால்தானே பெட்ரோல் வெளியே வரும்.

டாங்க் மூடியின் உச்சியில் இருந்த சின்னத் திருகைத் தொட்டாள். இறுக்கமாக மூடியிருந்தது. இரண்டு விரலால் திருப்பினாள். அசையவில்லை. பாவாடை நுனியைச் சுற்றிப் பிடித்து மறுபடியும் திருப்பினாள்.

'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. ஒட்டிக் கிடந்த குமிழ் மெல்ல உப்பியது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். திருகையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"நான்தான் இறுக்கினேன்" என்றார் தாழ்ந்த குரலில். "அக்கா துணியில பெட்ரோல் சிந்திடக் கூடாதுன்னு இருக்கிறதையெல்லாம் இறுக்கினேன்."

"ஓட்டும்போது இது திறந்திருக்கணும்ப்பா" என்றாள் டெலாலி. அவளும் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"அங்க என்ன குசுகுசுப்பு? என்ன கோளாறு?" என்று கோகு மாமா கழுத்தை நீட்டினார்.

டெலாலி அப்பாவை ஒரு முறை பார்த்தாள். "வர்ற வழியில அடைச்சிருந்துச்சு மாமா. இப்ப சரியாயிடுச்சு. அந்த ப்ளக்கைக் குடுங்க."

"இது நல்ல ப்ளக்குதான்னு சொன்னேனே."

"அதனாலதான் மாமா. திரும்ப மாட்டணும்."

அப்போது படகின் பக்கவாட்டில் ஒரு மரம் உரசியது. பலகை முனகியது. ஜூலியானா அக்கா துடுப்பை ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளினாள்.

அப்பா ப்ளக்கை மாட்டினார். டெலாலி குமிழை அமுக்கினாள். அது கெட்டியாகும்வரை அமுக்கினாள். "இப்ப இழுங்க."

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் மோட்டார் கனைத்தது. அடுத்த இழுப்பில் கிளம்பிவிட்டது. அதன் பக்கத்திலிருந்து, சூட்டைத் தணித்துவிட்டு வரும் தண்ணீர் மெல்லிய கம்பிபோலப் பீய்ச்சியடித்தது. டெலாலி அதில் கையை நீட்டிப் பார்த்தாள். சூடு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

"பக்கத்துல உட்காரும்மா. எந்தப் பக்கம் போகணும்னு சொல்லு" என்றார் அப்பா. "வர்றப்பவே தட்டுத்தடுமாறித்தான் வந்தேன். நான் இந்த வழியெல்லாம் தூக்கத்துலதான் பார்த்திருக்கேன்."

"கிளை பிரிஞ்ச மரத்துக்கு இடப்பக்கம். அப்புறம் மெதுவா. அங்க தண்ணிக்கு அடியில ஒரு கட்டை இருக்கு. அத்தை அந்த இடத்துல..."

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வராத அழுகை இப்போது வந்தது. அவள் அழுதாள், நெஞ்சு குலுங்கக் குலுங்க அழுதாள். மோட்டார் சத்தத்தில் முன்னால் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை.  அப்பா ஒரு கையால் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். அழுதுகொண்டே அவள் கையை நீட்டி வழி காட்டினாள். அப்பா கட்டைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்.

கரையில் ஊரே காத்திருந்தது. மேளக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏன் இவ்வளவு நேரம்? பயந்துபோயிட்டோம்" என்று ஒருவர் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தார்.

"மோட்டார்ல என்னமோ அடைப்பாம். காத்து பண்ணின வேலை" என்றார் கோகு மாமா.

"காத்து இல்ல" என்றார் அப்பா. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "டாங்க் மூடியை நான் தப்பா இறுக்கிட்டேன். என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா."

கோகு மாமா வாயைத் திறந்தார். ஜூலியானா அக்கா அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டு, பெட்டியைத் தூக்கக் கை கொடுத்தார்.

பெட்டி படகிலிருந்து இறங்கியது. மேளம் மெதுவாக ஆரம்பித்தது. முன்பக்கத்தைத் தோளில் தாங்கியிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"டெலாலி, மோட்டாரை நீ பார்த்துக்கோ. விசிறி மண்ணுல இடிக்கப் போகுது."

டெலாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோட்டாரை முழு பலத்தையும் கொடுத்துச் சாய்த்துத் தூக்கினாள். விசிறி தண்ணீருக்கு மேலே வந்து நின்றது. அது அசையாமல் இருக்கிறதா என்று ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் கரையில் குதித்து, அத்தையோடு நடக்க ஓடினாள்.