சாரலில் தெரிந்த முகம்

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோர்ட்டுக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு பிரகாசி நின்றாள். அவள் புருஷன் அருளப்பன் வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, தலைவரு வீடு தேடி வருதாரு. அவரு வாயால கேட்ட பெறவாவது ஒனக்கு மனசு எளகுமா?"

"யாரு கேட்டாலும் நான் பாத்தது பாத்ததுதானங்க."

போன சீசனில் பழைய குற்றாலம் ரோட்டில், பிரகாசியின் கடலை வண்டிக்குப் பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த பிச்சையாவின் மீது ஒரு கார் ஏறியது. ஓட்டி வந்தவன் கட்சித் தலைவர் தங்கசாமியின் தங்கை மகன். பிச்சையாவுக்கு ஒரு கால் போயிற்று. பழியோ அவர்கள் வீட்டுச் சம்பள டிரைவரின் தலையில் விழுந்தது. உண்மையில் ஓட்டியவனைக் கண்ணால் பார்த்தவள் பிரகாசி ஒருத்திதான். சாரலில் முகம் தெரியவில்லை என்று இன்று தென்காசி கோர்ட்டில் அவள் சொல்லிவிட்டால் போதும், மகள் ஜெயபிரியாவுக்குத் தன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

படித்து முடித்துவிட்டு வீட்டில் கிடக்கும் பெண்ணுக்கு அது லேசான வாக்கா? அந்தப் படிப்புக்காகத்தானே பிரகாசி மழை வெயில் பாராமல் ரோட்டில் நின்றாள். அவளுக்கும் ஆசை இருந்தது. பொய்தான் நாக்கில் ஏற மாட்டேன் என்றது.

"எல்லாப் பிள்ளைக்கும் அம்மை வழி விடுவா... எனக்கு மட்டும் குறுக்க நிக்கா," என்று ஜெயபிரியா கண்ணைத் துடைத்தாள்.

"ஜெபமாலை உருட்டுனா வேலை வந்துருமா? கைகொடுக்க வார மனுசன விட்டுட்டு..." உள்ளேயிருந்து நாத்தனார் சவரியம்மாள் குத்தினாள்.

பிரகாசி திரும்பி நின்று சேலை மடிப்பைச் சரிசெய்தாள். பேசினால் அழுகை வரும், அழுதால் தளர்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

தலைவர் வந்தார். இருந்த ஒரே நாற்காலி அவருக்குப் போயிற்று. சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"யம்மா, உங்க சாமிய நான் கொறை சொல்லல. அவரு மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாரு. எறங்கிச் செய்யுததுக்கு என்னைய மாதிரி ஆளு வேணும்லா?"

"அவரு பாத்துக்கிட்டு இருக்காருன்னுதான் அண்ணாச்சி எனக்குப் பயம்."

தலைவரின் சிரிப்பு நின்றது. அருளப்பன் பதறி எழுந்தான். அவனைக் கையமர்த்திவிட்டு அவர் ஜெயபிரியா பக்கம் திரும்பினார். தாய் மசியாவிட்டால் மகள் மசிவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"அம்மைக்கு நீ எடுத்துச் சொல்லு தாயி. நாளைக்கே வேலையில சேந்துக்கிடலாம். ஒண்ணே ஒண்ணு... நம்ம பயலுவ அடிச்சுப் போட்ட ஆளத் தூக்கிட்டு வருவானுவ. போலீஸ் கேட்டா நீயும் ஒண்ணும் பாக்கல. அம்புட்டுதான்."

ஜெயபிரியாவின் முகம் வெளிறியது. "பிச்சையா மாமா மாதிரி ஒருத்தரக் கொண்டுவந்தாலுமா?"

"யாரா இருந்தா ஒனக்கென்ன?"

அவள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "இந்த வேலை எனக்கு வேண்டாம்."

"இந்த ஜில்லாவுல எந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுதன்னு பாக்கேன்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார். அருளப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ஒன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனோன்னு... பயந்து பயந்து செத்தேன்ட்டி," என்றாள் பிரகாசி. அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் உடைந்தது.

"கெடுக்கலம்மா. எனக்குத்தான் புரியல." ஜெயபிரியா அவளைக் கட்டிக்கொண்டாள்.

கோர்ட்டில் பிரகாசி சாட்சிக்கூண்டில் ஏறினாள். தலைவரின் ஆட்கள் பின்வரிசையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு நல்ல சாரல். ஓட்டினவர் முகம் தெரிஞ்சிருக்காதே?" என்று தலைவர் வைத்த வக்கீல் கேட்டார்.

"கதவத் தெறந்து எறங்கி, பிச்சையாவ எட்டிப் பாத்துட்டு ஓடுனான் அய்யா. தலைவரு தங்கச்சி மவன். நல்லாத் தெரிஞ்சுது." அவள் எதிர்க்கூண்டைப் பார்த்தாள். "இவரு ஓட்டல."

எதிர்க்கூண்டில் நின்ற சம்பள டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.