இடித்த படி

நடைபாதை வேலை முடிந்த அன்று சாயங்காலம் என் மனைவியை அங்கே அழைத்துப் போனேன். அவளுக்குப் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு என் கையைப் பிடிக்காமல் தெருவில் இறங்கியதே இல்லை. அகலப்படுத்திய இந்தச் சாலைக்கு நான்தான் பொறியாளர். இதிலாவது அவள் தனியாக நடந்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"கோடு கோடா புடைச்ச டைல்ஸ் கால்ல பட்டா நேரா போ. புள்ளி வந்தா நில்லு. படியோ ரோடோ வருதுன்னு அர்த்தம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது இப்படிப் புள்ளி வச்சிருந்தா அங்கயே நின்னிருப்பேன்," என்றாள்.

தடியைத் தட்டிக்கொண்டே முன்னால் போனாள். ஒரு பக்கம் புதிய கண்ணாடிக் கட்டடங்கள். எங்கும் ஈர சிமெண்ட் வாடை. அவள் நிமிர்ந்து நடந்ததைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது.

நடுவழியில் நின்றுவிட்டாள். காலடியில் புள்ளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பு அங்கே ஒரு பழைய வீடு இருந்தது. காலி செய்ய மாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா, அந்தப் படியிலேயே உயிரை விட்டார். பிறகுதான் இடித்தோம். மேஸ்திரி பழைய வரைபடத்தைப் பார்த்து, இல்லாத படிக்குப் புள்ளி பதித்துத் தொலைத்திருக்கிறார்.

"மேஸ்திரி சொதப்பிட்டார். அங்க படி இல்ல, நேரா போ."

"இருக்கே," என்று தடியால் தட்டினாள்.

கருங்கல்லில் தட்டிய சத்தம் கேட்டது.

தடியின் நுனி தரையைத் தொடவில்லை.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடை குப்பென்று அடித்தது. அவள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். பிறகு இன்னொரு காலை. என் தோளுக்குத்தான் வருவாள். இப்போது நான் அவளை அண்ணாந்து பார்த்தேன்.

செருப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"கையைப் பிடிச்சிருக்கறது நீங்களா?" கிசுகிசுத்தாள். "சில்லுன்னு இருக்கு."

"நான் இல்ல. இறங்கி வந்துடு."

"உள்ள வாம்மான்னு கூப்பிடறாங்க."

எங்கோ ஒரு கதவு முனகித் திறந்தது.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தார்கள். சட்டென்று பிடி விட, இருவரும் நடைபாதையில் விழுந்தோம்.

அவளைக் காரில் உட்காரவைத்துவிட்டு மேஸ்திரியை வரச் சொன்னேன். பக்கத்திலேயே நின்று புள்ளி டைல்ஸ் அத்தனையையும் பெயர்த்தெடுக்க வைத்தேன். வாடை போய்விட்டது. எனக்கும் உயிர் வந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் வாசலில் படி கிடையாது. அவள் தடுக்கி விழக்கூடாது என்று நானே உடைத்துச் சமதளமாக்கியிருந்தேன். கதவைத் திறக்கக் குனிந்தேன்.

பின்னால் அவள் தடி கருங்கல்லில் தட்டியது.

"இங்க எப்போ படி கட்டினீங்க?" என்றாள். பிறகு கொஞ்சம் எரிச்சலாக, "கையை விடுங்க. நானே ஏறிக்கறேன்."

என் ஒரு கையில் பூட்டும் மறுகையில் சாவியும் இருந்தன.