சிரட்டைக்குள் இருந்த குஞ்சுகள் எங்கே?

குஞ்சுகளைக் காணவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வரை இருந்தன. மீன்தொட்டியின் அடியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டைக்குள், கடுகைவிடச் சின்னதாக, வாலை மட்டும் துடிதுடிக்க ஆட்டிக்கொண்டு கிடந்தன. இன்னும் நீந்தத் தெரியாத குஞ்சுகள். காலையில் சுகந்தினி டார்ச் அடித்துப் பார்த்தபோது, சிரட்டை துடைத்து வைத்ததுபோல வெறுமையாக இருந்தது.

றக்வான டவுனில் நிலாம் நானாவின் கடையில் வாங்கிய சிக்லிட் ஜோடி அது. உடம்பெல்லாம் வரிக்குதிரைபோலக் கறுப்புக் கோடு. முட்டையிட்டு, மூன்று நாள் இரண்டும் மாறி மாறிக் காவல் காத்த பிறகுதான் குஞ்சுகள் வந்திருந்தன.

"பூனை தூக்கியிருக்கும்," என்றார் அம்மா, தேயிலைக் கொழுந்துப் பையை எடுத்துக்கொண்டே.

"பூனை சிரட்டைக்குள்ள கைய விட்டுத் தேடுமா அம்மா?"

அம்மாவுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போக நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கை என்றதும் சுகந்தினிக்கு ஒரு கை ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுத் தினேஷின் கை. நேற்று மீன் பார்க்க வந்தவன் திரும்பிப் போகும்போது, அவன் சட்டையின் வலது கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கேட்டதற்கு, "பீலித் தண்ணியில மூஞ்சி கழுவினேன்," என்றான். ஆனால் காலையில் பூசிய விபூதி அவன் நெற்றியில் அப்படியே இருந்தது.

பள்ளிக்கூட இடைவேளையில் அவனே தேடி வந்தான்.

"ஏய், ஒங்க மாமா இந்த வாரம் வருவாரா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மா."

"சும்மான்னா எதுக்கு?"

"சும்மான்னா சும்மாதான்!"

கிருஷ்ணகுமார் மாமா மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர். தொட்டிக்கு அடியில் போட்டிருக்கும் சரளைக் கல்லை அங்கிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்தவரும் அவர்தான். மீன் திருடனுக்கு மாமாவிடம் என்ன வேலை? அவர் வராத நாளாகப் பார்த்துப் பெரிய மீன்களையும் தூக்கப் போகிறானோ?

சுகந்தினி ஒரு பொறி வைத்தாள்.

சாயங்காலம் வாசலில் நின்று, லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "அம்மா இன்னும் வரல, நான் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறேன்!" வாளியோடு பத்தடி நடந்தாள். வாளியைச் செடி மறைவில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்து, கொடியில் தொங்கிய துணிகளுக்குப் பின்னால் மூச்சுக்காட்டாமல் நின்றாள்.

தினேஷ் வந்தான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு டார்ச் அடித்தான். வெளிச்சம் சிரட்டைப் பக்கம் போகவே இல்லை. சரளைக் கற்களின் மேல் ஊர்ந்தது. அவன் கை மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது.

"அம்மோ!"

அலறியது சுகந்தினி அல்ல, தினேஷ். தாய் மீன் அவன் விரலைக் கவ்வியிருந்தது!

அம்மாவின் சேலை தலையில் சுற்றிக்கொள்ள, சுகந்தினி வெளியே பாய்ந்தாள். "மாட்டினியா! எங்கடா என் குஞ்சுங்க?"

"என்ன குஞ்சு?"

"நடிக்காத!"

"நீதான் நடிக்கிற! கல்ல எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்ன கல்லு?"

"நீலக்கல்லு! நேத்து மினுங்கிச்சே, நான் பாத்தேன். குழியில இருந்து மூட்டை கட்டி மீனுக்குச் சரளை கொண்டாந்தாராம் ஒங்க மாமா. யாரு நம்புவா? கல்ல அதுக்குள்ள ஒளிச்சிருக்காரு, அவரு வந்து எடுக்குறதுக்குள்ள பாக்கணும்னுதான் வந்தேன்."

சுகந்தினி வாயைத் திறந்தாள். அப்படியே மூட மறந்து தொட்டியைப் பார்த்தாள்.

டார்ச் வெளிச்சம் விழுந்த மூலையில், சரளைக்குள் ஒரு சின்னக் குழி. அதற்கு மேல் தாய் மீன் கோபமாக மிதந்தது. குழிக்குள் நூறு வால்கள் துடித்தன. வெளியே உருண்டுவிட்ட ஒரு குஞ்சைத் தகப்பன் மீன் வாயில் எடுத்து, குழிக்குள் பத்திரமாகத் துப்பியது.

"குழி தோண்டி, எல்லாத்தையும் வாயிலயே தூக்கிட்டு வந்திருக்கு!" என்றாள் சுகந்தினி.

"ஒங்க மாமாவ மாதிரியே தோண்டுது," என்றான் தினேஷ் விரலை ஊதிக்கொண்டு.

அவன் கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால்? சரளை சரிந்து குஞ்சுகள் மூடிப்போயிருக்கும். ரொம்பப் பயந்துவிட்டால் பெரிய மீன்களே குஞ்சுகளை விழுங்கிவிடும் என்றும் நிலாம் நானா சொல்லியிருந்தார்.

இவனைத் துரத்தலாம். ஆனால் துரத்தினால் நாளைக்கும் வருவான். கல் ஆசை அப்படி.

"மாணிக்கக் குழியில கல்லுத் தேடிச் சரளை கழுவுறப்ப எப்பிடிக் கழுவுவாங்க?" என்று கேட்டாள்.

"குழியில பங்கு போட்ட பங்காளிங்க எல்லாரும் சுத்தி நிப்பாங்க. யாரும் தனியாக் கை வைக்கக் கூடாது."

"ஏன்?"

"ஒருத்தர ஒருத்தர் நம்ப மாட்டாங்கல்ல?"

"இங்கயும் அதே சட்டந்தான். குஞ்சுங்க நீந்துற வரைக்கும் நீயும் கை வைக்கக் கூடாது, நானும் வைக்க மாட்டேன். அப்புறம் ரெண்டு பேருமாக் கழுவிப் பாப்போம்."

"நான் இல்லாதப்ப நீ எடுத்துட்டா?"

"வந்து காவல் இரு."

வந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்தான். முதல் நாள் அவன் சுகந்தினியின் கைகளையே பார்த்தான்; அவள் அவன் கைகளையே பார்த்தாள். மீன்கள் இரண்டும் அவர்கள் இருவரையும் முறைத்தன.

மூன்றாம் நாள் மீன்கள் இன்னொரு குழி தோண்டி, குஞ்சுகளை ஒவ்வொரு வாயாக அங்கே மாற்றின. தினேஷ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்தினான். "ஏய், அந்தா ஒண்ணு கெடக்கு! விட்டுட்டுப் போறியே!" தாய் மீன் திரும்பி வந்து அதையும் தூக்கிக்கொண்டது. "நான் சொன்னது கேட்டிருச்சு!" என்று குதித்தான்.

ஐந்தாம் நாள் குழியிலிருந்து புகைபோல ஒரு கூட்டம் மேலே எழுந்தது. குஞ்சுகள் நீந்தின. தாய்க்குப் பின்னால், தகப்பனுக்குப் பின்னால், ஒரு குட்டி மேகம்போல.

சுகந்தினி சொன்ன சொல்லை மறக்கவில்லை. சரளை கழுவப் பேசினையும் சலிக்க அரிதட்டையும் கொண்டுவந்து தினேஷ் முன்னால் வைத்தாள். "சட்டம்னா சட்டந்தான். கழுவுவோமா?"

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, தண்ணீரில் துளித்துளியாகப் பிழிந்துகொண்டிருந்த தினேஷ் நிமிரவே இல்லை.

"இப்பவா? ஒனக்கென்ன பைத்தியமா? பயந்துருமுல்ல. கொஞ்சம் வளரட்டும்."

"நெஜமாவா சொல்ற?" சுகந்தினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "அப்ப கல்லு?"

"ஷ்ஷ்! மெதுவாப் பேசு," என்றான் தினேஷ். "சாப்பிடுதுங்க."