பீம்ராவுக்கு அடிக்காத பறை

அறிவுக்கு இடது தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. விடியற்காலையிலிருந்து காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் பெட்டி தூக்கிய தோள். அதிலேயே பறையை மாட்டிக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்கு, கல்லூரிக்குப் பின்னாலிருந்த பழைய கிடங்குக்குள் நுழைந்தான். கல்லூரிப் பறைக்குழு பழகும் இடம் அது.

உள்ளே தோல் காய்ச்சிய வாடை.

"அதுக்குள்ள யாரு பறை காய்ச்ச நெருப்பு போட்டது?" என்றான்.

"எவனும் போடல. அட்டையே இப்பதான் பொறுக்கிகினு வந்தேன்," என்றாள் யசோதரா. குழுவை நடத்துகிறவள் அவள்தான்.

சுவர் ஆணியில் பீம்ராவின் பறை தொங்கியது. அறிவு தொட்டுப் பார்த்தான்.

சுட்டது.

பீம்ராவ் செத்துப் பதினேழு நாள். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி ஏறிவிட்டது. குழுவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மற்றவர்கள் சுடுகாடு வரை அடித்துக்கொண்டு போவது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். அதைப் பேசியவனே பீம்ராவ்தான். அவனை எடுக்கிற அன்றைக்கென்று பார்த்துக் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டி வந்தது. "வந்துர்றோம்மா" என்று அவன் அம்மா ராஜாத்தியிடம் போனில் சொன்னவன் அறிவு. போகவில்லை. பீம்ராவின் பறை நன்றாகப் பேசும் என்று அதையே எடுத்து மேடையில் அடித்தான். கோப்பை கிடைத்தது.

இப்போது ஐந்து பேர் வட்டமாக நின்றார்கள். யசோதரா கண்ணைக் காட்டினாள். அடி விழுந்தது. நாலைந்து சுற்று போனதும் அடியில் ஏதோ இடித்தது. சுவர்ப் பக்கமிருந்து வேறொரு பறை மெதுவாக, நடைக்கு நடை, சாவு அடி அடித்துக்கொண்டிருந்தது.

யசோதரா கையைத் தூக்கினாள். ஐந்து பேரும் நிறுத்தினார்கள்.

அது நிற்கவில்லை.

"டேய், பீம்ராவ் அம்மாவப் பாத்துட்டு வந்துரலாம்," என்றாள் தாழ்ந்த குரலில்.

வியாசர்பாடி குடியிருப்பில், மூன்றாவது மாடியில், ராஜாத்தி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நாலு மணி வரைக்கும் பிரீசர் பொட்டில வெச்சிகினு இருந்தேன் நைனா. கரண்ட் பூட்ச்சி. ஐஸ் கட்டி வாங்கி சுத்தி அடுக்கினேன். அதுவும் கரைஞ்சி படிக்கட்டுல ஒழுகுது. என் புள்ளயோட தோஸ்துங்க வருவாங்கன்னு தூக்கவே வுடல நானு. கடசில மோளமே இல்லாம எடுத்துகினு போனாங்க."

நாலு மணிக்கு அவர்கள் மேடையில் இருந்தார்கள்.

"இப்ப அடிக்கிறோம்மா," என்றான் அறிவு. "இங்கேர்ந்து சுடுகாடு வரைக்கும்."

ராஜாத்தி அவனையே பார்த்தாள்.

"யார தூக்கிகினு போவ?"

கதவு சாத்திக்கொண்டது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வாசலிலிருந்து கிளம்பினார்கள். மூலகொத்தளம் சுடுகாடு வரை நடந்தார்கள். குச்சி தோலில் பட்டது, கை அதிர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. லாரி ஹாரன் கேட்டது, பால் வண்டி மணி கேட்டது. டீக்கடையில் ஒருத்தன், "இன்னா மாமு, ஊமை மோளமா?" என்று சிரித்தான்.

பாதி வழியில் அறிவின் இடது தோள் அழுந்தியது. பாடையின் கம்பு உட்கார்ந்த மாதிரி, ஒரு ஆளின் கனம்.

சுடுகாட்டில், பீம்ராவைப் புதைத்த மண்மேட்டில், கனத்தை இறக்கிவைக்கத் தோளைச் சாய்த்துக் குனிந்து பார்த்தான். கனம் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது யசோதரா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"அறிவு, இன்னிக்கு ஐஸ் தூக்கினியா?"

"லீவு."

"அப்ப சட்ட ஏன் நனைஞ்சிகீது?"

தோளிலிருந்து சில்லென்று சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால், அவர்கள் நடைக்கு நடை, அந்த ஒற்றைப் பறை.

பீம்ராவுக்கு ஒரு சாவு ஊர்வலம் பாக்கி.