பேட்டரியில் பூத்த திருநீறு

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஒரு உச்சி வெயில் நேரத்தில் ஷரீப் டிரைவர் வேலைக்காகக் கம்பத்துப் பஸ் கொட்டகைக்குள் நுழைந்தான். குமுளி மலையில் உருண்டு, பழைய டிரைவர் சுருளியாண்டியைக் கொன்ற பஸ், நசுங்கலை எல்லாம் எடுத்துப் புதுப் பெயிண்டோடு நின்றது. வெளியே மண்டை பிளக்கும் வெயில். உள்ளே மட்டும் மலைப்பனியின் ஈரம் அடித்தது.

பழையவன் குடித்துவிட்டு உருட்டினான், நீயாவது ஒழுங்காக ஓட்டு என்றார் முதலாளி கர்ணன்.

ஷரீபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுருளியாண்டி அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன். கள்ளு வாடையே ஆகாதவன். அவனைக் குடிகாரன் என்று ஊர் முழுக்கச் சொல்லி, அவன் மனைவி கருத்தம்மாளைத் தலைநிமிர விடாமல் செய்திருந்தார் இந்த மனுஷன்.

சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். இரண்டு ஈய முனைகளிலும் வெள்ளைப் பொடி பொங்கிப் பூத்திருந்தது. அதன்மேல் குங்குமம் வேறு.

கை வைக்காதே என்றார் கர்ணன். குச்சனூர் கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் தானாகப் பூத்த திருநீறாம். சுருளியாண்டியையும் துடைக்க விடவில்லையாம். பெருமையாகத்தான் சொன்னார்.

ஷரீபுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த உப்பு பூத்தால் கரண்ட் பாயாது. பனி மூடிய வளைவில் விளக்கு அணைந்திருக்கிறது. பாவி, ஆளையும் கொன்று பேரையும் கெடுத்திருக்கிறான்.

ஒரு போணி வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்தான். வயர்களைக் கழற்றிப் போட்டு, ஊற்றித் தேய்த்தான். பொடி நுரைத்துக் கரைந்தது, ஈயம் பளிச்சிட்டது. வாசலைன் தடவிவிட்டு, வயர்கள் தரையில் கிடந்து காயட்டும் என்று பெட்டியை மூடினான்.

மூடிக்குள் சீறல் கேட்டது.

திறந்தான். வெள்ளைப் பொடி பழையபடி பூத்திருந்தது. காரமான நெடி மூக்கை அரித்தது.

மறுபடியும் கழுவினான். கண்ணெதிரிலேயே பூத்தது.

ஷரீப் ஓரடி பின்வாங்கினான். கர்ணனோ சாமியே இறங்கிவிட்டதாகப் பூரித்துப்போய், ஒரு பிடி அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார்.

தோல் பொசுங்கியது.

தரையில் விழுந்து அலறினார். ஷரீப் சோடாத் தண்ணீரை எடுத்தான். ஊற்றவில்லை.

"சொல்லுங்க மொதலாளி. அவன் குடிச்சிருந்தானா?"

"இல்லடா... தொடைக்கணும்னு கெஞ்சுனான். நாந்தேன் விடல."

பாதியை ஊற்றினான். எரிச்சல் அடங்கியது. அலறல் கேட்டு வாசலில் ஜனம் கூடியிருந்தது. முன்னால் கருத்தம்மாள் நின்றாள். தினமும் வந்து கேட்பதையே அன்றும் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரக குடிச்சிருந்தாகளா?"

கர்ணன் கூட்டத்தைப் பார்த்தார். துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டார்.

"குடிச்சுட்டுத்தேன் உருட்டுனான்."

துண்டுக்கு அடியில் சீறல்.

அவர் விரலிடுக்கில் வெள்ளையாகப் பொங்கி வந்தது. தண்ணீர், தண்ணீர் என்று ஷரீபிடம் கையை நீட்டினார்.

ஷரீப் மிச்சத்தை மண்ணில் கொட்டினான்.

அவன் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் இரண்டு விளக்குகளும் எரியத் தொடங்கின. கழற்றிப் போட்ட வயர்கள் தரையில்தான் கிடந்தன.