விலகிய திகதி

இடாப்பில் றமீஸின் பெயருக்கு நேரே இன்று காலையும் வரவு போடப்பட்டிருந்தது.

அவன் படிப்பை விட்டு ஒன்பது வருடமாகிறது.

கல்லூரிக் கந்தோர் மேசையில் விரிந்து கிடந்த பன்னிரண்டாம் வகுப்பு வரவு இடாப்பைக் கிளார்க் ஷரிபுதீன் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

“நீ விலகவே இல்லையே மனே. நாள் தவறாம வந்திரிக்காய்.”

“பகிடி விடாதீங்க, ஷரிபுதீன் காக்கா. இரவெல்லாம் நிந்தவூர் ஐஸ் பெக்டரியில நிக்கிறன். பகலெல்லாம் படுக்கிறன். எப்ப வந்து படிக்கிற?”

“படிக்கிற காலத்துல பாதி நாள் கடக்கரையிலதான் கிடந்தாய். இப்ப நூறு வீதம்.” அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

றமீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. ஐஸ் கட்டிகளோடு கிடந்து கிடந்து விரல்களைப் போலவே மற்றவையும் மரத்துப்போயிருந்தன. அவனுக்கு வேண்டியது ஒரு தாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அம்பாறையில் நேர்முகப் பரீட்சை. சாகாமம் குளத்தில் காவலாளி வேலை, நிரந்தரம். கல்லூரி விடுகைப் பத்திரம் இல்லாதவர் வரத் தேவையில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

“பேர அப்பவே வெட்டியிருக்கலாமே?”

“வெட்ட ஏலா. விடுகைப் பத்திரம் வாங்காதவன்ட பேர் வருசா வருசம் புது இடாப்புக்கு ஏறும். கல்லூரியத் தொறந்த வெள்ளைக்காரன் போட்ட சட்டம். எழுதி விலக்குற வரைக்கும் நீ இங்கதான் இரிக்காய். பேர் ஏறினது வெளங்குது. வரவு போட்டது ஆரெண்டுதான் வெளங்கல்ல.” அவர் சாவிக்கொத்தை எடுத்தார். “பத்திரப் புத்தகம் ஸ்டோர்ல கிடக்கு. இரி, வாறன்.”

வெளியே மழை கனத்தது. கார்த்திகை மழை. மூன்று மணிக்கே வானம் கறுத்துக் கிடந்தது. மின்சாரம் போய், சுழன்றுகொண்டிருந்த காற்றாடி மெல்ல மெல்ல ஓய, அது நின்ற பிறகுதான் ஓட்டுக் கூரையில் விழும் மழையும் அதற்கு அப்பால் கடலின் இரைச்சலும், நூறு வருடத்துக் கடதாசியிலிருந்து எழும் பூஞ்சண வாசமும் ஒன்றாய்ச் சேர்ந்து அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தன.

மேசையில் தட்டச்சுத் தாள்கள் கிடந்தன. கல்லூரியின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்காக, பழைய அதிபர்கள் எழுதி வைத்த சம்பவத் திரட்டிலிருந்து ஷரிபுதீன் எடுத்தெழுதும் வரலாறு. றமீஸ் பொழுது போகப் புரட்டினான். புதுக் கட்டடம். பரிசளிப்பு. அம்மை நோய்க்கு ஒரு மாத விடுமுறை. பென்சிலால் கோடிட்ட மூன்று இடங்களில் கண் நின்றது.

‘1907. புயலுக்கு அடுத்த கிழமை. நனைந்த உடுப்போடு ஒரு பையன் கடைசிக் கதிரையில் இருக்கிறான். பெயர் கேட்டேன். இல்லை என்றான். பெயரில்லாதவனை இடாப்பில் ஏற்ற முடியாது.’

‘1978 டிசம்பர். சூறாவளியில் கூரை போன மண்டபத்தில் வகுப்புகள் ஆரம்பம். கடைசிக் கதிரையில் ஒரு பையன். உடுப்பு காயவில்லை. பெயர் சொல்லவில்லை.’

‘2005 ஜனவரி. கடல் வந்த பிறகு முதல் நாள். கடைசிக் கதிரையில் ஒருவன்.’

அதற்கு மேல் எழுதவில்லை.

றமீஸ் தாளை வைத்தான். அந்தப் பையனை அவனுக்குத் தெரியும்.

வகுப்பில் றமீஸுக்குப் பின்னால், சுவரோரம் இருந்தவன். இறக்காமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவன் என்று நினைத்திருந்தான். யாருடனும் கதைக்கமாட்டான். அவனுடைய சட்டை ஒருநாளும் காய்ந்திருக்கவில்லை. கடைசியாக வகுப்பை விட்டுப் போன அன்று றமீஸ் திரும்பி, எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னான்: “டேய், நான் வாற வரைக்கும் என்ட பேருக்கு நீ வரவு சொல்லு.”

பையன் தலையாட்டினான். அவன் சிரித்ததை றமீஸ் அன்றுதான் பார்த்தான்.

“வா மனே.” வாசலில் ஷரிபுதீன். கையில் பத்திரப் புத்தகம். “வகுப்புக்குப் போகோணும். கடைசியா ஒருக்கா இடாப்பு கூப்பிட்டுத்தான் தரோணும். நீ உன்ட இடத்துல இருந்து பதில் சொன்னாத்தான் நான் எழுதலாம்.”

“இங்கேயே சொல்றனே காக்கா.”

“ஏன், பயமா? காவலாளி வேலைக்குப் போறவன்!”

பழைய மண்டபம் இருட்டிக் கிடந்தது. ஜன்னலோரம் நின்று ஷரிபுதீன் இடாப்பை விரித்தார். றமீஸ் நடந்து போனான். சுவரோரத்துக் கடைசிக் கதிரை வெறுமையாக இருந்தது. நன்றாகப் பார்த்தான். வெறுமைதான். அதற்கு முன்னால் இருந்த தன் கதிரையில் உட்கார்ந்தான். பலகை ஈரம். கூரை ஒழுகியிருக்கும்.

பாசி வாசம் வந்தது.

பின்கழுத்தில் ஒரு துளி விழுந்தது. குளிர். இன்னொன்று.

அவன் திரும்பவில்லை.

“சேர்விலக்கம் ஏழாயிரத்து நாற்பத்தொண்டு. றமீஸ்.”

அவன் வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது. சத்தம் இல்லை.

“றமீஸ்!”

தொண்டையில் உப்பு.

“பிரசன்ட், சேர்.”

அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவனுடைய குரல்.

ஷரிபுதீன் தலை நிமிரவில்லை. எழுதினார். திகதி போட்டார். ஒப்பமிட்டார். தாளைக் கிழித்து நீட்டினார்.

“இந்தா மனே. உம்மாக்கு என்ட சலாத்தச் சொல்லு.”

கதிரை ஒன்று பின்னால் நகர்ந்தது. அவனைத் தாண்டி ஒருவன் நடந்தான். றமீஸ் போட்டிருந்த அதே நீலச் சட்டை. ஐஸ் சுமந்து இறங்கிய அதே இடது தோள். சட்டை காய்ந்திருந்தது. தாளை வாங்கினான். மடித்தான். சட்டைப்பையில் வைத்தான்.

றமீஸ் எழப் பார்த்தான். கால் எங்கே என்று தெரியவில்லை.

விறாந்தையில் போன் அடித்தது. றமீஸின் போன். “ஓம் உம்மா, கிடைச்சிட்டு. வாறன்.”

ஷரிபுதீன் கடைசிக் கதிரைகளை ஒருமுறை பார்த்தார். எதிலும் பார்வை நிற்கவில்லை. கதவைப் பூட்டினார்.

மழை விட்டது. இருட்டியது. விடிந்தது.

காலையில் பையன்கள் வந்தார்கள். பைகளை வைத்தார்கள். ஒருவன் மூக்கைச் சுளித்து, சுவரோரத்திலிருந்து தன் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். சேர் வந்து இடாப்பைத் திறந்தார். சிவப்பு மையால் வெட்டியிருந்த பெயரைத் தாண்டி அடுத்ததைக் கூப்பிட்டார்.

முப்பத்தொரு பெயர்கள்.

சுவரோரத்தில் இருந்தவன் ஒவ்வொரு பெயருக்கும் வாயைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் கடல் தண்ணீர் வழிந்து மேசையில் விழுந்தது.